கேட்டு வெச்சது

நூலகம் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன் என்றேன்.
நூல் குடோனுங்களா, எந்த வீதி என்றார் அர்த்தநாரி.
இருபத்தேழு வருஷத் திருப்பூரில்
நூல் என்றால் அவருக்கு
முப்பதாம் நம்பர், நாற்பதாம் நம்பர்,
கிலோ விலை, கொஞ்சம் கடன்.

இது வேற நூலகமுங்க.
யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து எழுதி
எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்கவும் செய்,
எங்கள் பெயரை மட்டும் அழித்துவிடாதே,
அறுந்தால் எங்களிடம் வராதே
என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.
காசு?
இல்லீங்க.
உத்தரவாதம்?
அதுவும் இல்லீங்க.
காதர்பேட்டையில் ஒருத்தனும்
இத்தனை நேர்மையாகப் பலகை மாட்டியதில்லை
என்று சிரித்தார்.

அவருடைய பழைய நிரல்
முந்நூற்றுப் பதினாலு பெயர்களை
வரிசையில் நின்று விசாரிக்கும்.
ஆண்ட்வெர்ப் ஏஜென்ட், தூத்துக்குடி கப்பல் ஆபீஸ்,
பட்டன் அனுப்பும் லூதியானாக்காரர்.
பெயர் தெரியும், எண் தெரியாது.
எண் தெரிந்தால்தான் கதவைத் தட்ட முடியும்.
ஒரு பெயருக்குப் பதில் வரும்வரை
அடுத்ததைத் திரும்பியும் பாராது.
மவுஸ் அசையாது. திரை வெளுத்துவிடும்.
கணக்கெழுதும் அம்சவேணி
அந்த இடைவெளியில் பஜ்ஜி வாங்கி வந்துவிடுவாள்.

விசாரணை ஒரே வாசலில் முடிவதுமில்லை.
மங்கலம் போய் நாச்சிமுத்து வூடு எதுங்க என்றால்
நாலு ரோட்டுல கேளுங் என்பார்கள்.
நாலு ரோட்டில், ரேஷன் கடைப் பக்கமுங்.
ரேஷன் கடையில்,
எந்த நாச்சிமுத்துங்?
அதுவரைக்கும் வண்டியை அணைக்காமல்
நின்றுகொண்டே இருந்தது நிரல்.

அன்றிரவு நிட்டிங் ஷெட்டில் மாரப்பனைப் பார்த்தேன்.
ஆறு மெஷின். எதன் முன்னாலும் அவன் நிற்கவில்லை.
ஒன்றுக்குக் கோன் மாற்றுகிறான், ஒன்றுக்கு எண்ணெய்,
நடுவில் வீட்டுக்கு ஒரு போன்,
பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதா என்று.
எங்கோ ஒரு நூல் அறுகிறது.
அந்த மெஷினின் தலையில் சிவப்பு விளக்கு.
பேசிக்கொண்டே அதை நோக்கி நடக்கிறான்,
ஓடவில்லை.
முதலில் சுற்றத் தொடங்கியதுதான்
முதலில் கூப்பிடும் என்று கட்டாயமில்லை.

இதைத்தானுங்க இந்த நூலகமும் செய்யுது என்றேன் மறுநாள்.
எல்லாப் பெயரையும் ஒரே மூச்சில் கேட்டுவிடும்.
ஒவ்வொரு கேள்வியோடும் ஒரு சீட்டு,
பதில் வந்தால் என்ன செய்வது என்று.
பிறகு அது தன்பாட்டில் இருக்கும்.
வருகிற பதில் வருகிற வரிசையில்.

ஞாயிறு மதியம் ஓட்டிப் பார்த்தோம்.
லூதியானா முந்திக்கொண்டது.
ஆண்ட்வெர்ப் பின்னாலேயே.
மவுஸ் முழு நேரமும் அசைந்தது.
மூன்று நொடி. அம்சவேணிக்குத்தான் வருத்தம்.

மிச்சம் இரண்டு.
பழையது இரண்டையும் தோல்வி என்று
ஒரே கோணியில் கட்டி வைத்திருந்தது.
இது பிரித்துச் சொன்னது.
ஒன்றுக்கு: பதில் வரவில்லை.
மற்றதற்கு: அப்படியொரு பெயரே இல்லை.

ராட்டர்டாமில் சரக்கு எடுத்தவன் பெயர் அது.
இரண்டு கன்டெய்னர் பனியன், முப்பத்தெட்டு லட்சம்.
நாலு வருஷமாகக் காலையில் வந்ததும்
அவர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான் என்பது
எனக்குத் தெரியாது.
தோல்வி என்றிருந்தவரை
லைன் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.
சாயப்பட்டறைக்குத் தவணை சொல்லலாம்.
வீட்டில், வந்துருமுங் என்று சொல்லலாம்.

கிட்ட வந்து படித்தார்.
வரலீங்களா, இல்லீங்களா?
இல்லீங்க.
வெளியே ஒரு டெம்போ
பின்வாங்கிக்கொண்டே இருந்தது வெகுநேரம்.

எடுத்துடட்டுங்களா என்றேன்.
கண்ணாடியைக் கழற்றி
மேஜைமேல் கிடந்த சாம்பிள் துணியில் துடைத்தார்.
இருக்கட்டுமுங்.
இனித்தான் நிக்க வேண்டியதில்லீங்களே.
கேட்டு வெச்சுட்டு
நம்ம சோலியப் பாக்கலாம்.