புதன்கிழமை, பக்கம் ஆறு

நெலிடா எச்சவெரி முப்பத்தெட்டு வருடம் எழுதிய பத்தி
இந்த வாரத்திலிருந்து என்னுடையது.
நாற்காலி உயரம். கால் எட்டவில்லை.

மீனுக்குத் தாகம் எடுக்குமா?
பாலத்தைக் கண்டதும் குதிரை ஏன் தயங்குகிறது?
கொட்டாவி எப்படி அடுத்தவர் வாய்க்குத் தாவுகிறது?
பைசாந்தூவின் கசாப்புக்காரர், தபால்காரர் மனைவி,
பல் விழுந்த பிள்ளைகள்,
எல்லோருக்கும் பதில் போயிருக்கிறது.

அச்சேறாதவை ஒரு செருப்புப் பெட்டியில்.
ஓரங்களில் பென்சில் குறிப்பு:
"தெரியாது." "இதுவும் தெரியாது." "பல் டாக்டரைக் கேட்க."
ஒன்றில் மட்டும் குறிப்பில்லை.
கோடு போட்ட தாள், கோணல் எழுத்து, 1976,
தெருமுனையில் சிப்பாய்கள் நின்ற வருடம்:
எங்கள் டீச்சர் திங்கள்கிழமையிலிருந்து ஏன் வரவில்லை?
யாரைக் கேட்டாலும் சாப்பிடு என்கிறார்கள்.

பழைய தொகுப்பில் அந்த வாரத்தைப் புரட்டினேன்.
மாத்தே குடிக்கும் ஊருக்கு, யாரும் கேட்காத ஒரு கேள்வி:
கொதிக்கும் முன் கெட்டில் ஏன் திடீரென்று அடங்குகிறது?

குமிழிகள், என்று எழுதியிருந்தார்,
அடியில் பிறந்து, மேலே குளிர்ந்த நீரில் பட்டு உடைகின்றன.
அந்த உடைசல்தான் இதுவரை நாம் கேட்ட இரைச்சல்.
நீர் முழுக்கச் சுட்டபின் அவை உடைவதில்லை.
ஆகவே, சின்ன வாசகரே,
சத்தம் ஓய்ந்துவிட்டதே என்று
அடுப்பை விட்டு நகர வேண்டாம்.

கடிதத்தின் கீழே பெயர்: எல்பியோ, வயது எட்டு.
இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாட்டு டாக்டர்.
போன் போட்டேன்.
அப்படிக் கேட்ட ஞாபகமே இல்லை என்றார்.
பின்னால் எங்கோ ஒரு கன்று கத்தியது.
"இருங்கள், வைத்துவிடாதீர்கள்" என்றார்,
"பதில் என்ன போட்டிருந்தது?"