வாய்தா

டவுன்ஹால் ரோட்டுக் கடையில் இம்மானுவேல்
மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தான்.
"வச்சுப் பாருங்க மேடம். திங்கக்கிழமை
ரெண்டத் திருப்பிக் கொண்டாங்க."
நாலு நாள் வாய்தா.

பகலெல்லாம் உயர்நீதிமன்றக் கிளையில்
பிறர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் பிடிப்பவள் நான்.
உன் முடிவென்ன என்று
யாரும் என் முன்னால் எதையும் வைத்ததில்லை.
ஒத்தக்கடை மாடிவீட்டுச் சமையல் மேடையில்
இப்போது மூன்று காத்திருக்கின்றன.

கூம்பு ஒன்று, வெள்ளைப் பீங்கான்.
உள்சுவரில் சுழன்றிறங்கும் வரிகள்,
அடியில் பெருவிரல் நுழையும் ஒரே ஓட்டை.
ஊற்றுகிற கை எப்படியோ அப்படித்தான் ஓடும்.
தட்டையடி எவர்சில்வருக்கு மூன்று பொடி ஓட்டைகள்;
கை தவறினாலும் காட்டிக்கொடுக்காது.
மூன்றாவதற்கு அடியில் ஓர் அடைப்பு,
டம்ளர் மேல் உட்காரவைக்கும்வரை
வாய் திறக்காது.

தாண்டிக்குடிக் கொட்டை, பதினைந்து கிராம்.
வியாழன் எவர்சில்வர்.
முப்பது வினாடி நனைந்து பொடி உப்பியது,
மூன்று நிமிடத்தில் வடிந்து முடிந்தது.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர்களின் பெயர்
எனக்கு நினைவில் நிற்பதில்லை.

வெள்ளி அடைப்புக்காரன்.
கனத்த காபி, பால் தாங்கும்.
இரவுப் பணி முடித்து வந்த எதிர்வீட்டு நர்ஸ் ஜொகரா
இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி
"இதையே வாங்கு, இதுதான் காபி" என்றாள்.
அவளுக்கு அதுதான்.

சனி, கூம்பு.
கெட்டில் கனத்தில் மணிக்கட்டு நழுவ
மடமடவென்று ஊற்றிவிட்டேன்.
இரண்டே நிமிடம்.
புளித்தது.
இம்மானுவேலுக்கு ஃபோன் போட்டேன்.
"தப்பா ஊத்திருக்கீங்க மேடம்.
நைசா அரைங்க, மெதுவா ஊத்துங்க."
நைசாக அரைத்தேன், மெதுவாக ஊற்றினேன்.
புளிப்பு போயிற்று.
கூடவே இன்னொன்றும் போயிற்று,
என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு, கேன் தீர்ந்துபோய்
போர் தண்ணீரில் போட்டேன்.
பாத்திரத்தில் வெள்ளையாய்க் கறை கட்டும் அந்தத் தண்ணீர்
சாட்சியை மிரட்டிய மாதிரி
எந்தச் சுவையையும் பேசவிடவில்லை.
புதுக் கேன் வரப் பதினோரு மணி.
பழைய பருவெட்டு. பழைய அவசரம்.
ஜன்னலில் யானைமலை,
எழுந்திருக்கும் எண்ணமே இல்லாமல்.
முதல் வாய்க்கே தாடைக்குப் பின்னால் ஒரு சுருக்.

உப்பு தொட்ட நாவல்பழம்!
அழகர்கோயில் சாலையில் வந்த பஸ்சையும் விட்டுவிட்டுப்
பொட்டலம் தீரும்வரை நின்றேனே,
போன ஆடியில்.
ரசத்தில் புளி தூக்கல் என்று
பந்தியே முகம் சுளித்தபோது
இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவளும் நான்தான்.
புளிப்பு தப்பென்று யார் தீர்ப்பெழுதியது?
யார் சொல்லியிருந்தாலும்
அதையும் நான்தான் குனிந்த தலையோடு
சுருக்கெழுத்தில் பிடித்திருப்பேன்.

திங்கள் சாயங்காலம் இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
கூம்புக்குப் பில் போட்டுக்கொண்டே கேட்டான்:
"புளிப்பு சரியாயிருச்சா மேடம்?"
"சரியாத்தான் இருந்துச்சு."
அவனுக்கு விளங்கவில்லை. வடிதாள் ஒரு கட்டு,
மீதி இருபது ரூபாய்.

பஸ்சில் உட்கார இடமில்லை.
பீங்கானை மார்போடு அணைத்தபடி நின்றே வந்தேன்.
நரசிங்கம் விலக்கில் டிரைவர் போட்ட பிரேக்கில்
மூக்குக்கண்ணாடிதான் பறந்தது.