அடியிலும் தூசி

நாளை ஆய்வுக் குழு என்றால்
இன்றிரவு வந்து இறங்கின பதினொரு மைக்ராஸ்கோப்புகள்,
அல்பாகா கம்பளியில் சுற்றி,
துணைவேந்தரின் மைத்துனர் நடத்தும் கல்லூரியிலிருந்து.
இறக்கியவன் நான்.
பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி
எங்கள் பெயரை ஒட்டியவனும் நானே.
ஹூலியாகா குளிரில்
பசைகூட உடனே பிடிப்பதில்லை.
ஊதி ஊதி ஒட்டினேன்.

பிரசவம் பார்க்கப் பட்டம் தரும் இடம் இது.
ஐந்து வருடம், பத்து செமஸ்டர்.
ஒன்பதாவதில் என் மகள் யுடித்.
சாமான் அறைச் சாவி என் இடுப்பில்,
அதனால் அவள் கட்டணத்தில் கால்வாசி தள்ளுபடி.
இதையும் சொல்லிவிட வேண்டும்.

லிமாவிலிருந்து மூன்று பேர்.
இருவருக்கு மலை ஏறியதில் தலைச்சுற்றல்.
கோக்கா இலைத் தேநீரோடு உட்கார்ந்துவிட்டார்கள்
துணைவேந்தர் அறையில், ஃபைல்களுக்கு நடுவே.
ஃபைல்கள் நன்றாகத்தான் இருந்தன.
நூலகத்தில் இல்லாத நூலுக்கும் எண் இருந்தது.
ஈஸ்டருக்கு முன் அடக்கம் செய்த பேராசிரியர்
போன வாரம்கூட வகுப்பெடுத்துக் கையெழுத்திட்டிருந்தார்.

மூன்றாமவர், செனோபியா உர்பினா,
தேநீர் வேண்டாம் என்றார்.
மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துப் பிடித்து
என் அறைக்கே வந்தார்.

பிரசவப் பொம்மையின் போர்வையை விலக்கினார்.
ஒரு கை இல்லை. அதைப் பற்றிக் கேட்கவில்லை.
வயிற்றுக்குள் விரல் விட்டுப் பிள்ளையை எடுத்தார்.
காலுறைக்குள் பஞ்சு திணித்துப் பெண்கள் தைத்தது,
ரப்பர் பிள்ளை தொலைந்து நான்கு வருடம்.
கழுத்தைச் சுற்றி ஒரு ஷூ லேஸ்.
"இதை யார் சுற்றியது?"
"கொடி சுற்றி வந்தால் எடுக்க, பழகுகிறார்கள்."
கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிள்ளையை இருந்த இடத்திலேயே,
தலை கீழாக, சரியாக வைத்தார்.

பிறகு மேசை.
எண்ணவில்லை, கண் வைத்துப் பார்க்கவில்லை.
ஒரு மைக்ராஸ்கோப்பைத் தூக்கி
அது நின்ற இடத்தை விரலால் தடவினார்.
தூசி.
சுற்றிலும் எவ்வளவோ
அடியிலும் அவ்வளவு.
விரலை என்னிடம் நீட்டவில்லை.
கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு
மற்ற பத்தையும் தொடாமலே எழுதினார்.

ஒன்பது வருடமாக
தினமும் இரண்டு முறை அந்த மேசையைத் துடைப்பவன் நான்.
இந்த ஊரில் துடைத்த கையை எடுப்பதற்குள்
மண் வந்து உட்காரும்.
அன்றிரவு மட்டும் துணி ஆணியில் தொங்கியது.
மறந்தேனா,
மறுத்தேனா.
இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன்,
நாக்கு அதிகம் நகர வேண்டியதில்லை.

ஒரு மாதத்தில் கடிதம்.
அங்கீகாரம் இல்லை, இரண்டு வருடத்தில் மூட வேண்டும்.
தலைநகரத்தின் சதி என்று
துணைவேந்தர் வாசலில் பதாகை கட்டினார்.
மாணவிகள் நெடுஞ்சாலையில் டயர் கொளுத்தினார்கள்.
அவர்கள் நிறுத்திய பேருந்து ஒன்றில்
ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது.
புகைக்குள்ளிருந்து யுடித் ஏறினாள்.
கழுத்தில் கொடி.
இரண்டு விரலால் விடுவித்தாள்.
ராத்திரி டயர் நாற்றத்தோடு வந்து
ஒன்றும் பேசாமல் மூன்று தட்டுச் சூப் குடித்தாள்.

மைக்ராஸ்கோப்புகளை அதே கம்பளியில் சுற்றித் திருப்பினேன்.
எங்கள் ஸ்டிக்கர் அப்போதுதான் நன்றாகப் பிடித்திருந்தது.

இப்போது அவள் ஏரிக்கரை ஊருக்கு
விடியுமுன் மினிபஸ்ஸில் போகிறாள்,
வேறு பல்கலைக்கழகம்.
எட்டுப் பாடம் செல்லாது என்றார்கள்.
அதில் ஒன்று, இயல்பான பிரசவம்.
பேருந்தில் நடந்ததை எழுத
விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.
மேசைத் துணியைப் பற்றி அவள் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

நேற்று சந்தையில் அந்தத் தாய்.
உலர்ந்த உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே
மூட்டைக்கு மூட்டை கை மாற்றி
நடந்துகொண்டிருந்தது பிள்ளை.
யுடித் இப்போது எந்த செமஸ்டர் என்று கேட்டாள்.
ஏழு, என்றேன்.
போன வருடம் ஒன்பது என்றாளே,
என்றாள்.