மெட்டி விரல்

மெட்டியைக் கழற்றச் சொன்னார்கள்.
பதினாறு வருடமாய் அசையாதது.
சோப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய்,
நர்ஸின் பொறுமை எல்லாம் தீர்ந்த பிறகு
சின்னக் கட்டர் ஒன்று வந்தது.
கிளுக்.
நாள் முழுக்க வெள்ளிச் சத்தத்தில் இருப்பவள் நான்.
எடை சொல்லும் சத்தம், கலப்படம் சொல்லும் சத்தம்.
இது எதையும் சொல்லவில்லை.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை,
கால்மிதி பிரஸ்ஸில் அரும்பு அடிக்கும் வேலை.
வலது கை தகடு தள்ளும்,
வலது கால் மிதிக்கும்.
ஆடி ஆர்டர், ராத்திரி பத்தரை.
கால் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.
கைதான் இன்னும் உள்ளே இருந்தது.

தட்டில் கிடந்த அரும்புகளுக்கு நடுவே
அரும்பு அல்லாத ஒன்றை
ஒடிசாப் பையன் பிகாஷ் பாலித்தீனில் எடுத்தான்.
குல்பி வண்டிக்காரரை எழுப்பி ஐஸ் வாங்கினான்.
ஆனால் அது நசுங்கியிருந்தது.
ஒட்டுவதற்கு விளிம்பு என்று ஒன்று வேண்டுமாம்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார்,
சாத்துக்குடியோடு ஒரு வெள்ளிக் கை.
"கோட்டை மாரியம்மனுக்குச் செலுத்திடு மாதேஸ்வரி."
ஐந்து விரலும் பிசிறில்லாத அச்சு.
இடது கையில் ஏந்திப் பார்த்தேன்.
பதினொரு கிராம். மிஞ்சிப்போனால் பதினொன்றே கால்.

மூன்று மாதம் கழித்து
டாக்டர் ஷகிலா பானு என் பாதத்தை,
ஜவுளிக்கடையில் முந்தானையைப் பார்ப்பது போல,
புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
"கட்டைவிரல் இல்லாத கை வெறும் கரண்டிம்மா.
காலில் இரண்டாவது விரலைத் தர்றியா?"
வலது காலில் எடுங்கள் என்றேன், மிதித்தது அதுதான்.
அவர் சிரிக்கவில்லை.
ரத்தக்குழாய் எதில் நன்றாயிருக்கிறதோ அதில்தான் என்றார்.
நன்றாயிருந்தது இடது கால்,
ஒரு தப்பும் செய்யாதது.

பத்து மணி நேரம்.
தலைமுடியைவிட மெல்லிய நூலாம்,
மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் ஊசியாம்.
நான் பார்த்தது அதற்குப் பிறகான அறை.
சித்திரை வெயிலிலும் ஏசி போடாத அறை.
காபி கூடாது, பீடி வாசனையோடு புருஷன் கூடாது.
மணிக்கு ஒரு தரம் நகத்தை அழுத்தி விட்டு
வெளுப்பு சிவப்பாகும் வரை எண்ணுவாள் ஒருத்தி.
ஒன்று, இரண்டு.
நான்கு வரை அவள் எண்ணின ராத்திரியில்
ஏற்காட்டுப் பக்கம் மின்னல்.
டாக்டர் வாரிச் சுருட்டின முடியோடு ஓடி வந்தார்.
கட்டைப் பிரித்தார், இரண்டு தையலைத் தளர்த்தினார்,
தானே எண்ணினார்.
இரண்டு.

ஓமலூர் நாத்தனார் பார்க்க வந்து
ரொம்ப நேரம் பேசாமல் இருந்து கேட்டாள்:
"கால் விரலைப் போட்டா சோறு பிசைவ?"
எனக்கும் தெரியவில்லை.
யார் மேலாவது கால் பட்டால்
தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே,
இனி எதைத் தொட்டு எதில் ஒற்றுவது?

ரேஷன் கடை மிஷினும் அதையேதான் கேட்டது.
ரேகை பொருந்தவில்லை, மீண்டும் முயலவும்.
வேற விரல் வைம்மா என்றார் கடைக்காரர்.
இதுவே வேற விரல்தான்.

ஆறு மாதம், அதைத் தொட்டால்
இடது செருப்புக்குள் யாரோ தொட்டார்கள்,
விரலே இல்லாத இடத்தில்.
பிறகு ஒரு காலை,
மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது
முடி வழுக்கியது கையிலேயே தெரிந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
இறுக்கிப் பிடித்தேன்.
"வலிக்குதும்மா" என்றாள்.

நகம் மெதுவாகத்தான் வளர்கிறது, கால் நகம் போலவே.
மெட்டி கிடந்த பள்ளம்
வெயில் படாத வெளுப்போடு
கட்டைவிரலைச் சுற்றி இன்னும் இருக்கிறது.
வெட்டின மெட்டியை உருக்கவில்லை.
வெள்ளிக் கையைத்தான் உருக்கினேன்.
பதினொரு கிராம், நூற்றி இருபது மில்லி.