உங்க ஏழா, எங்க ஏழா

கைப்பேசியை நம்பாதே என்பதுதான்
இந்த வேலையில் நான் முதலில் கற்றது.
ட்யூபா சிட்டிக் கோபுரத்தைப் பிடித்தால் ஆறு என்கும்.
சாலையைத் தாண்டி மோயன்கோப்பிக்குள் சக்கரம் இறங்கியதும்
ஐந்து என்று பேச்சை மாற்றும்.
நடுவில் இருப்பது கொஞ்சம் தார்,
ஒரு மஞ்சள் கோடு,
சில நாட்களில் ஒரு நாய்.

மார்ச்சில், இரண்டாம் ஞாயிறு,
நவஹோ நிலம் ஒரு மணி முன்னால் தாவும்.
அரிசோனா தாவாது.
இருக்கிற வெயில் போதாதா,
மாலையில் இன்னும் ஒரு மணி வெயிலை எவன் கேட்டான்
என்கிறது ஃபீனிக்ஸ். நியாயம்தான்.
ஆனால் எங்கள் நிலம் மூன்று மாநிலங்களில்
கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
தலைக்கு ஒரு மணி காலுக்கு ஒரு மணி ஆகுமா?
உடம்போடு சேர்ந்து தாவுகிறோம்.
எங்களுக்கு நடுவே ஹோப்பி நிலம். அது தாவாது.
அதற்கும் நடுவே ஜெடிட்டோ, எங்கள் துண்டு. அது தாவும்.
கிழக்கே போகும் நாட்களில்
எத்தனை முறை மணி மாறுகிறது என்று எண்ணிக்கொண்டே ஓட்டி
ஒருமுறை பெட்ரோல் போட மறந்தேன்.

என் வண்டியில் வருகிறவர்களுக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை.
வாரம் மூன்று நாள், ஏழு மணிக்கு நாற்காலி.
முந்தின இரவே அழைத்துச் சொல்லுவேன்.
"உங்க ஏழா, எங்க ஏழா?" என்பார் டெல்மர் பொலியாலா,
மோயன்கோப்பிக்காரர்.
"எங்க ஏழு. உங்க ஆறு."
"அப்படியென்றால் ஐந்தரைக்கு வா."
"எந்த ஐந்தரை?"
பின்னிருக்கையில் எர்வினா பிலகொடி
மறுநாள் காலை இதையே சொல்லிச் சிரிப்பாள்:
ஒரு மணி நேரத்தைக் கொடுக்க மனசில்லாத ஊர்.
அவர் திருப்பிச் சொல்லுவார்:
சூரியனுக்கே அவசரம் சொல்லித் தரும் ஊர்.

ஏப்ரலில் ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து புது நர்ஸ் வந்தாள்.
நேரம் மாற்றிய துண்டுச் சீட்டில் 'ஏழு' என்று மட்டும் எழுதினாள்.
அன்று எனக்கு விடுப்பு.
டெல்மர் மருமகனின் லாரியில்
தன்னுடைய ஏழுக்கு வந்து சேர்ந்தார்,
சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, சரியான நேரத்துக்கு.
உள்ளே எட்டு.
நாற்காலியில் வேறு ஒருவர்,
வேறு ஒருவரின் ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது.
மறுநாள்தான் இடம் கிடைத்தது.
அதற்குள் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை.
நேரம் சரியில்லை என்று
எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்லுகிறோம்.
அவருக்கு அது வெறும் தகவல்.

அந்த வார வெள்ளிக்கிழமை எர்வினா சிரிக்கவில்லை.
கைப்பையிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்தாள்,
செத்துப்போன கணவனுடையது, வார் வெடித்தது.
எங்கள் மணிக்குத் திருகி
முன்னிருக்கைக்கு நீட்டினாள்.
"இது என் ஏழு. தொலைத்துவிடாதே."
அவர் தன் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே கட்டிக்கொண்டார்.
கோடை முழுக்க ஒரே மணிக்கட்டில் இரண்டு நேரம்.
ஊசி குத்தும் பையன் ஒவ்வொரு முறையும்
எதைக் கழற்றுவது என்று கேட்பான்.
அது வேறு கை என்பார் டெல்மர், இந்தக் கையைத் தொடாதே.

நவம்பர், முதல் ஞாயிறு.
தாவிய நாங்கள் பின்னால் வந்து நின்றோம்.
ஃபீனிக்ஸ், ட்யூபா சிட்டி, மோயன்கோப்பி, ஜெடிட்டோ
எல்லாம் ஒரே மணி.
திங்கள் விடிகாலை, சாலையோரம் வெள்ளைப் பனி.
யாரும் எந்த ஏழு என்று கேட்கவில்லை.
வண்டிக்குள் பேச ஒன்றுமில்லாமல்
ஹீட்டர் மட்டும் இரைந்தது.

"இனி ஒன்றைக் கழற்றலாமே" என்றேன்.
"மார்ச் வரும்" என்றார்.
எர்வினா எட்டிப் பார்த்தாள்.
அவள் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது.
திருகப் போனவளின் கையைத் தள்ளிவிட்டார்,
அது இருக்கட்டும் என்று.

இப்போதெல்லாம் நான் வாசலில் போய் நின்று
ஹாரன் அடிப்பதில்லை.
இரண்டு நிமிடம்.
கதவு திறக்கிறது.