மீசாலை தவிர

கடைசி றிப் முடிஞ்சு
காசை எண்ணிக்கொண்டிருக்கேக்க
பின் சீற்றுக்கடியில் ஒரு கால் தெரிஞ்சது.
செருப்பில்லை.
பெருவிரல் நகத்தில்
நீலப் பேனையால் ஒரு முகம் கீறியிருந்தது.

பேர் சாருஜன்.
வயது பதினொண்டெண்டான்,
பேந்து பன்னிரண்டெண்டான்.
வீடு மீசாலைப் பக்கம்.

விடியப் பஸ் ஸ்ராண்டில்
எல்லாருக்கும் காரணம் தெரிஞ்சிருந்தது.
போன்தான் எண்டார் ரைம் கீப்பர்.
தகப்பன் குடிகாரனாயிருக்கும் எண்டான் ஓட்டோ றஞ்சன்.
"தாய் சரியில்லை" எண்டு
கடலைச் சுருள் சுத்தி முடியிறதுக்குள்ள
தீர்ப்புச் சொன்னா கடலைக்காரி.
வேற ஆரையோ பற்றிக் கதைக்கிற மாதிரிக்
கேட்டுக்கொண்டு நிண்டான் அவன்.

மூண்டு கிழமை பஸ் கழுவினான்.
இரவில அதுக்குள்ளயே படுத்தான்.
பின்னேரங்களில் ஆட்களைக் கூவினான்:
நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம்!
மீசாலையை மட்டும் விழுங்கினான்.
"தம்பி, மீசாலையில நிக்காதோ?"
நிக்கும் எண்டு நான்தான் சொல்லவேணும்.

ஒருநாள் நல்ல மழை.
கேளாமலே சொன்னான்.

வியாழக்கிழமையில லோன்காரன் வருவான்.
அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டு
இல்லையெண்டு சொல்லு எண்டுவா.
சொல்லுவன்.
முதல் கிழமை போயிட்டான்.
அடுத்த கிழமை மோட்டார் சைக்கிளை நிப்பாட்டி
மாமரத்துக்குக் கீழ இருந்தான், மத்தியானம் மட்டும்.
அம்மா இருமலை அடக்கினா.
எனக்குக் கேட்டது.
அவனுக்கும் கேட்டது.
என்னைப் பாத்துச் சிரிச்சான்.
நல்லாப் பொய் சொல்லுறாய்,
பெரிய ஆளா வருவாய் எண்டான்.
ஒரு ரொபி தந்தான்.

வாங்கினனியோ?

வாங்கினன்.

அடிச்சவையோ எண்டு கேட்டன். இல்லையாம்.
சாப்பாடு? இருந்ததாம்.
"ரொபியை அம்மா கண்டிட்டா.
ஒண்டும் சொல்லேல்லை.
அண்டைக்குத்தான் வெளிக்கிட்டனான்."

ஞாயிற்றுக்கிழமை
நன்னடத்தைக் கந்தோர் ஆட்கள் வந்து
கூட்டிக்கொண்டு போச்சினம்.
பத்திரத்தில் காரணத்துக்கு ஒரு வரி விட்டிருந்தது.
உங்களுக்கு ஏதும் தெரியுமோ எண்டிச்சினம்.
தெரியாதெண்டன்.
எனக்கும் நல்லா வருது.

போன வியாழன் பஸ் பழுது.
வேளைக்கு வீட்டை வந்து
ஃபானுக்குக் கீழ படுத்திருந்தன்.
படலையில் மோட்டார் சைக்கிள் நிண்டது.
மனிசி அடுப்பை நூத்தாள்.
நான் மூச்சைப் பிடிச்சன்.
கேசவி,
ஏழு வயது,
ஆரும் சொல்லாமலே
கொப்பியை மூடி வைச்சிட்டு எழும்பிப் போனாள்.

"அப்பா இல்லை."
பாடம் ஒப்புவிக்கிற குரல். ஒரு பிழையில்லை.
"அம்மாவும் இல்லை."
கொஞ்சம் நிண்டு
தானாவே சேர்த்தாள்:
"நான் மட்டும்தான்."

வெளியில ஆரோ சிரிச்சுக் கேட்டது.
மோட்டார் சைக்கிள் போச்சுது.
திரும்பி வந்து
விட்ட கணக்கை இடக்கையால் செய்யத் தொடங்கினாள்.

வலக்கை
மூடியிருந்தது.