ஐம்பது தசம் ஒன்று ஒன்று

சனிக்கிழமைகளில் கொக்குவில் சந்திக்குக் கிட்ட
மணியத்தின் தேத்தண்ணிக் கடையில் கேள்வி கேட்பார்கள்.
தோற்றவர் எல்லாருக்கும் பிளேன்ரீ வாங்க வேண்டும்.

சிக்சர் அடித்த பந்தை ரயிலில் ஏற்றியவர் யார்?
எட்வின் பொன்னுத்துரை, எழுபத்திரண்டாம் ஆண்டு.
பந்து காங்கேசன்துறை பார்த்துவிட்டு
மறுநாள் காலை கார்டின் சட்டைப் பையில் திரும்பி வந்தது.

அதிக தடவை ரன் அவுட்?
சண்முகலிங்கம், பதினேழு.
அதில் பதினொன்றுக்கு எதிர்முனையில் நின்றவனுக்குத்தான்
பிறகு தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தார்.

தொண்ணூற்றொன்பது விக்கெட்டோடு நின்றுபோனவர்?
இதற்கு யோசிக்கிற ஆள் இல்லை.
கிருபைராசா, என்று கடையே சொல்லும்.
பிறகு கொஞ்ச நேரம்
மணியம் தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் மட்டும்.

சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார்கள்.
முப்பத்தொரு வருடம் மின்சார சபையில் மீற்றர் கணக்கு எழுதினவள்.
அதற்கு முதல், பதினாறு வயதில், லீக்குக்கு ஸ்கோர் எழுதினவள்.
அண்ணாவின் கையெழுத்து மோசம், வேறொரு காரணமும் இல்லை.
நாலு புத்தகங்கள். தொண்ணூற்றைந்தில்
அரிசிச் சாக்குக்குள் சாவகச்சேரி வரை நனைந்து வந்தவை.
மூன்றாவதில் மை கலங்கி
ஒருவனுடைய நாலு மற்றவனுடைய கட்டத்துக்குள் ஊறியிருக்கும்.
கூட்டுத்தொகை பிழைக்காது. நான் திரும்பவும் கூட்டிவிட்டேன்.

போன வியாழன் இரவு
ரொறன்ரோவிலிருந்து ஜெயகுலசிங்கம் எடுத்தான்.
அறுபத்துமூன்று இனிங்ஸ், ஒன்பது முறை ஆட்டமிழக்கவில்லை,
இரண்டாயிரத்து எழுநூற்றாறு ஓட்டம்.
சராசரி ஐம்பது தசம் ஒன்று ஒன்று.
லீக்கில் ஐம்பதைத் தாண்டினது அவன் ஒருவன்தான்.

"கடைசி மட்சில நான் அவுட். எழுதுங்கோ," என்றான்.

எண்பத்தாறு ஆவணி. இருபத்துமூன்றாவது ஓவர், மூன்றாவது பந்து.
அந்தக் கட்டத்தில் ஒன்றும் இல்லை.
புள்ளிகூட இல்லை.
ஹெலி வந்தபோது நான் மேசைக்குக் கீழே இருந்தேன்.

"மட்டை விளிம்பில பட்டது. எனக்குக் கேட்டது."
சராசரி நாற்பத்தொன்பது தசம் இரண்டாகும், என்றேன்.
"தெரியும். பிரிச்சுப் பாத்துப்போட்டுத்தான் எடுக்கிறன்."
நடுவர் விரல் தூக்கவில்லையே.
"தம்பிராசா மாஸ்ரர் அப்ப வேலி பாய்ஞ்சுகொண்டிருந்தவர்."

கீப்பர் மரியநேசனுக்கு ஆனைக்கோட்டையில் சீமெந்துக் கடை.
விடிய அங்கே போனேன்.
பந்து எப்போது வந்தது என்று தெரியாதாம்.
வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்த பிறகு பார்த்தானாம்,
கிளவுசுக்குள் இருந்ததாம்.

இரவு இதை ஜெயகுலசிங்கத்துக்குச் சொன்னேன்.
அந்தப் பக்கம் பனி தள்ளுகிற வண்டி ஒன்று போனது.
போன பிறகு சொன்னான்:
"எல்லாரும் ஓடினம் அக்கா. கிருபை மட்டும் ஓடேல்லை.
ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு
நடுவரைத் தேடிக்கொண்டு நிண்டவன்.
மேல இருந்து பாத்தவங்களுக்கு
அது என்னமாதிரித் தெரிஞ்சுதோ."

விதிப்புத்தகம் என்னிடம் இருக்கிறது, அட்டை இல்லை.
அடுத்த பந்துக்கு வீச்சாளர் ஓடத் தொடங்கும் வரை
அப்பீல் செல்லும் என்று போட்டிருக்கிறது.
அடுத்த பந்துக்கு ஒருவரும் ஓடி வரவில்லை.
இந்த முப்பத்தெட்டு வருடத்தில்.

பென்சிலால் எழுதினேன். அழுத்தாமல்.
பிடி மரியநேசன், பந்து கிருபைராசா.
எழுதியபின் கூட்டிப் பார்த்தேன், பழக்க தோஷம்.

நேற்றுச் சனிக்கிழமை. கேள்வி வந்தது.
கடையே பதில் சொன்னது.
பிழை, என்றேன்.
அப்படி ஒருவரும் இல்லை. அவனுக்கு நூறு.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
புத்தகத்தைக் காட்டு என்று கேட்கவில்லை.
பிளேன்ரீக் காசுக்கு மணியம் கை நீட்டினான்.
தோற்றது ஆர் என்று
ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.